கோமதிநாயகச் சிலந்தி தாவுவதில்லை

ஒரு காட்டில், அதைக் காடு என்று சொன்னால் அந்தக் காட்டுக்கே கூச்சமாக இருக்கும், அப்படிப்பட்ட ஒரு காட்டில் வெயிலாள் என்றொரு சிலந்தி குடியிருந்தாள்.

காடு என்றதும் அருவி, யானை, தேக்குமரம் என்று எதையாவது மனதில் தூக்கிக்கொண்டு வந்திருந்தால் தயவுசெய்து வாசலிலேயே இறக்கி வைத்துவிடுங்கள். இங்கே இருந்தது செம்மண்ணும் சுக்கான் கல்லும்தான். அங்கங்கே உடைமரம், ஆவாரை, கள்ளி, சூரைமுள். மழை வருஷத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும். விலாசம் மாறி வந்துவிட்ட விருந்தாளி மாதிரி உட்காராமலே போய்விடும். சிங்கராஜாவுக்கு இந்தக் காட்டுக்கு மாற்றல் உத்தரவு போட்டார்கள். அவர் இடுப்பு வலி என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வரவே இல்லை. ஆகவே ராஜாவின் பொறுப்பை உடும்பு பார்த்துக்கொண்டார். உடும்புக்குச் சாப்பிட்டதும் தூக்கம் வந்துவிடும் என்பதால் உடும்பின் பொறுப்பை ஓணான் நயினார் பார்த்துக்கொண்டார்.

வெயிலாள் தாவுகிற வகைச் சிலந்தி. உருவம் ஒரு துவரம்பருப்பு அளவுதான். ஆனால் எட்டுக் கண்ணும் முழித்தபடியே இருக்கும். வலையைக் கட்டி, நடுவில் உட்கார்ந்து, வருவது வரட்டும் என்று காத்திருக்கிற சிலந்திகளைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. "உக்காந்து திங்கிற பொழப்பு" என்பாள். ஈயைப் பார்ப்பாள், தூரத்தைக் கண்ணால் அளப்பாள், ஒரே தாவு. ஈக்கு என்ன நடந்தது என்று தெரிவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

அவளுக்கும் ஒரு கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பெயர் கொம்பையா. முகத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டை, முன்னங்கால்களில் வெள்ளை வெளேரென்று முடிக்கற்றை. அந்தக் கால்களை மேலே தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று அவன் ஆடிக் காட்டியபோது வெயிலாள் முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பார்க்க ஆரம்பித்தாள். அவர்கள் இனத்தில் மாப்பிள்ளையின் ஆட்டம் பிடிக்காவிட்டால் பெண் அவனைச் சாப்பிட்டுவிடுவது வழக்கம். வெயிலாள் சாப்பிடவில்லை. அவ்வளவு பிரியம். சித்திரை வெக்கையில் அவன் தானாகவே போய்ச் சேர்ந்தான். அக்கம்பக்கத்தில் வேறு மாதிரிப் பேசிக்கொண்டார்கள். ஊர் வாயை மூட எட்டுக் கால் போதுமா?

கொம்பையாவின் உடம்பு சூரைமுள்ளில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே, இலைக்கு அடியில், பட்டுநூலால் நெய்த ஒரு பை. பைக்குள் முட்டைகள். வெயிலாளுக்கு உலகத்தில் இருந்த சொத்து இந்த இரண்டும்தான்.

இந்தச் சமயத்தில் காட்டில் ஓர் அறிவிப்பு வந்தது. மயில்கள் ஆடுவதற்கு அரங்கம் கட்டப்போகிறார்கள். அதற்குக் கிழக்கே இருக்கிற சூரைப்புதரைத் தோண்டி எடுக்கப்போகிறார்கள். மறுநாளே காண்ட்ராக்டர் காட்டுப்பன்றி வந்து, மூக்கால் மண்ணைக் கிளறிப் பார்த்து, "நல்லா வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது வெயிலாள் குடியிருந்த புதர். முட்டைப் பையைப் பிய்த்துத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. பிய்த்தால் வெயிலில் வற்றிப்போகும்.

ஆனால் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. வேறெங்கும் இல்லாத ஓர் உயிரினம் ஒரு புதரில் வசித்தால், அந்தப் புதரில் யாரும் கை வைக்கக்கூடாது. வெயிலாள் தன் இனத்தாரை வேறெங்கும் கண்டதில்லை. அவள் சந்தோஷமாக நயினாரைப் பார்க்கக் கிளம்பினாள்.

நயினாரின் அலுவலகம் ஒரு பாறைமேல் இருந்தது. வரிசை பாறையைச் சுற்றி வளைந்து நின்றது. அலுவலக எல்லைக்குள் யாரும் யாரையும் தின்னக்கூடாது என்பது விதி. அதனால் கீரிக்கு முன்னால் பாம்பு நின்றுகொண்டு, வெளியே போனதும் யார் முதலில் ஓடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தது. வெயிலாளின் முறை வந்தது.

"பேரு?" என்றார் நயினார்.

"வெயிலாளு, அண்ணாச்சி."

"அது உம் பேரு. உங்க இனத்துக்கு என்ன பேரு?"

"சிலந்திதான்."

"சிலந்தின்னா எத்தனையோ கெடக்கு. கெணத்துல ஒண்ணு, கொட்டாயில ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு எழுதி வச்சிருக்கு. உங்க பேரு என்னங்கேன்?"

"எங்கம்மா ஒண்ணும் சொல்லலியே."

"பேரில்லாத உசிரு சட்டப்படி காத்துல வந்த குப்பை. குப்பைக்காகப் புதர விட்டுவைக்க முடியுமா?"

"அண்ணாச்சி, உங்க கண்ணு முன்னால நிக்கேனே. தெரியலையா?"

"நல்லாத் தெரியுது. ஆனா நீ இருக்கேன்னு யாரும் எழுதலையே, தாயி. டாக்டர் தாணுமாலயனைப் போய்ப் பாரு. அவரு எழுதிக் குடுத்தா நான் ஒத்துக்கிடுதேன். அதுவரைக்கும் பன்றிய நிறுத்தி வைக்கேன்" என்று சொல்லித் தலையை ஆட்டினார்.

ஓணான் தலையாட்டுவது சம்மதத்துக்காக அல்ல, பழக்கத்துக்காக. இது அந்தக் காட்டில் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் அவர் ஆட்டும்போதெல்லாம் எதிரே நிற்பவர்கள் ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டுவிடுவார்கள். வெயிலாளும் சந்தோஷப்பட்டாள்.

டாக்டர் தாணுமாலயன் ஒரு முள்ளெலி. கள்ளிப்புதருக்கு அடியில் அவருடைய ஆராய்ச்சிக்கூடம். அந்தக் காட்டோரம் சாயங்காலத்தில் ஒதுங்குகிற மனிதர்கள் விட்டுப்போகும் குவார்ட்டர் பாட்டில்களை அவர் உருட்டி வந்து அடுக்கி வைத்திருந்தார். அடியில் மிச்சமிருக்கிற சரக்கில் எதைப் போட்டாலும் கெடாது. தேள், வண்டு, பூரான் என்று ஆளுக்கொரு பாட்டிலில் மிதந்துகொண்டிருந்தார்கள். டாக்டர் நல்லவர், பெரிய படிப்பாளி. ஒரே ஒரு குறை, யாராவது கேள்வி கேட்டால் பந்தாகச் சுருண்டுவிடுவார். கேட்டவர் போன பிறகுதான் விரிவார்.

"ஐயா, நான் யாருன்னு எழுதணும். அதான் நானே வந்துட்டேன். நல்லாப் பாத்துக்கிடுங்க" என்று வெயிலாள் அவர் முன்னால் நின்று, அங்கே ஒரு தாவு, இங்கே ஒரு தாவு தாவிக் காட்டினாள்.

டாக்டருக்குத் தலை சுற்றியது. "அம்மா, உயிரோடு இருப்பதை வைத்துக்கொண்டு எதையும் எழுத முடியாது. அது அசைந்துகொண்டே இருக்கும். எனக்குச் செத்த உடம்பு ஒன்று மாதிரியாக வேண்டும். அதுவும் ஆணாக இருக்க வேண்டும்."

"ஆம்பளை எதுக்கு?"

"சிலந்தியில் எது எந்த இனம் என்பதை ஆணின் வாயோரம் இருக்கிற குட்டிக் கையைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம்."

அந்தக் கை எதற்கு என்பது கல்யாணமானவர்களுக்குத் தெரியும். வெயிலாள் எட்டுக் கண்ணையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் நெளிந்தாள். "அதப் போயி எதுக்குய்யா பாக்கீக?"

"விஞ்ஞானத்துக்கு."

"நானே அத வெளிச்சத்துல பாத்ததில்ல!"

வேறு வழியில்லை. திரும்பி வந்து, கொம்பையாவை முள்ளிலிருந்து மெதுவாகக் கழற்றினாள். செத்த பிறகும் அவன் முகத்தின் ஆரஞ்சுப் பட்டை மங்கவே இல்லை. "பிள்ளைகளுக்காகத்தான், கோவிச்சுக்கிடாதீக" என்று அவனிடம் சொன்னாள். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே அவனைச் சுமந்துபோய் டாக்டரிடம் கொடுத்தாள். டாக்டர் அவனை ஒரு பாட்டிலுக்குள் போட்டார். உயிரோடு இருந்தவரை ஒரு சொட்டு குடித்தறியாதவன் சரக்கில் மூழ்கிப் போனான்.

டாக்டர் அவசரப்படவில்லை. பெரிய காரியத்தை அவசரமாகச் செய்தால் சின்னக் காரியம் என்று மற்றவர்கள் நினைத்துவிடுவார்கள் என்பது அவர் கொள்கை. ஆவாரை பூத்தது. வெயிலாள் பாதி நேரம் முட்டைக்குக் காவலும் பாதி நேரம் டாக்டர் வாசலுமாக அலைந்தாள். சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. கடைசியில் ஒருநாள் டாக்டர் பூதக்கண்ணாடியை எடுத்து, பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எழுதி முடித்தார்.

"புதிய இனமேதான்!" என்றார். அவருக்கு அது நிஜமான சந்தோஷம், அதில் சந்தேகமில்லை. "கோமதிநாயகச் சிலந்தி என்று பெயர் வைத்திருக்கிறேன்."

"அது யாருய்யா கோமதிநாயகம்?"

"தெற்குக் காட்டு முள்ளெலி. என் நண்பர். நம் பெயரை நாமே வைத்துக்கொள்வது அசிங்கம். ஆகவே நான் கண்டுபிடிப்பதற்கு அவர் பெயரை வைப்பேன், அவர் கண்டுபிடிப்பதற்கு என் பெயரை வைப்பார். போன மாதம்தான் ஒரு சாணிவண்டுக்கு என் பெயர் வைத்தார்."

"எம் புருசன் பேரை வைக்கக் கூடாதா?"

"உன் புருஷன் விஞ்ஞானத்துக்காக என்ன செய்தார்?"

"செத்தாருய்யா."

டாக்டர் சுருண்டுகொண்டார்.

அவர் எழுதியது அச்சாகி, காடு முழுவதும் உடைமரங்களில் ஒட்டப்பட்டது. வெயிலாளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு மரமாகப் போய் அந்தத் தாளின்மேல் உட்கார்ந்துவிட்டு வந்தாள். இனி புதரை யாரும் தொட முடியாது என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

நயினார் சரிபார்க்க வந்தார். கையில் அந்தத் தாள். அவரைப் பார்த்த சந்தோஷத்தில் வெயிலாள் ஒரு முள்ளிலிருந்து இன்னொரு முள்ளுக்கு எகிறித் தாவி, "வாங்க அண்ணாச்சி!" என்றாள். நயினாரின் நாக்கு தன்னையறியாமல் நீண்டது. நல்ல வேளை, அவள் மறுபக்கம் தாவிவிட்டாள்.

"பழக்க தோசம், தப்பா நெனைக்காத" என்று நாக்கைச் சுருட்டிக்கொண்டார் நயினார். "இது எங்க ஆபீஸ் எல்லை இல்லைங்கிறது மறந்துபோச்சா ஒனக்கு? சரி, கோமதிநாயகச் சிலந்தி எங்க?"

"நான்தான்!"

நயினார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தாளைப் படித்தார். "நிறம், வெளிறின மஞ்சள். காலு எட்டும் நெஞ்சோட மடங்குனது. அசைவு கெடையாது. தாவுதல் காணப்படவில்லை. குணம், சாந்தம்." தாளை மடித்தார். "நீ கறுப்பா, பளபளன்னு இருக்கே. தாவுதே. சாந்தம்னு சொல்லுத மாதிரியும் தெரியலை. நீ வேற ஏதோ."

"அவரு செத்தவரு அண்ணாச்சி! பாட்டில்ல ஊறி நிறம் போயிருக்கும். செத்தவரு எப்படித் தாவுவாரு?"

"அதெல்லாம் எழுதலையே. எழுதினதுக்கும் உனக்கும் ஒரு பொருத்தம்கூட இல்லை. நாளான்னைக்குப் பன்றி வாறாரு. அதுக்குள்ள நிசக் கோமதிநாயகச் சிலந்தி யாராச்சும் இருந்தா வரச் சொல்லு." தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

வெயிலாள் டாக்டரிடம் ஓடினாள். டாக்டர் அவளையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். பாட்டிலுக்குள் கொம்பையா வெளிறிப்போய், எட்டுக் காலையும் மடக்கிக்கொண்டு, யாருக்கும் எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் கிடந்தான். ஆரஞ்சுப் பட்டை கரைந்து இருந்த இடமே தெரியவில்லை.

"அம்மா, நீ சொல்வது எனக்குப் புரிகிறது" என்றார் டாக்டர். நிஜமாகவே வருத்தப்பட்டார். "ஆனால் பாட்டிலில் இருப்பவர்தான் கோமதிநாயகச் சிலந்தி. மற்றவர்கள் எல்லோரும் அவரைப்போல இருக்கிறார்களா என்றுதான் பார்க்க வேண்டுமே தவிர, அவர் மற்றவர்களைப் போல இருக்கிறாரா என்று பார்க்கக்கூடாது. அதுதான் முறை."

"அப்ப எழுதினத மாத்துங்கய்யா."

"அச்சில் வந்துவிட்டதே! கோமதிநாயகம் வேறு படித்துவிட்டுப் பாராட்டி எழுதியிருக்கிறார். அதை மாற்ற முடியாது." கொஞ்சம் யோசித்தார். "நீ வேண்டுமானால் மாறிக்கொள்ளலாம். அதற்குத் தடை எதுவும் இல்லை."

அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. கிண்டல் அவருக்கு வராது. வெயிலாள் திரும்பி வரும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். புதருக்கு வந்து முட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே லேசாக ஏதோ நெளிந்தது. திட்டுவதை நிறுத்திவிட்டு யோசிக்க ஆரம்பித்தாள்.

பன்றி வருகிற அன்று காலை அவள் ஆவாரைச் செடிக்குப் போய், பூவுக்குப் பூ புகுந்து மகரந்தத்தில் புரண்டாள். கறுப்பும் பளபளப்பும் மறைந்து, உடம்பெல்லாம் மங்கின மஞ்சளாகிவிட்டது. திரும்பி வந்து, கொம்பையா ஒட்டிக்கிடந்த அதே முள்ளில் படுத்து, எட்டுக் காலையும் நெஞ்சோடு மடக்கிக்கொண்டாள். பாட்டிலில் பார்த்ததை அப்படியே செய்தாள்.

நயினார் வந்தார். பின்னாலேயே காண்ட்ராக்டர் பன்றி. நயினார் புதருக்குள் தலையை நுழைத்தார். முள்ளில் கிடந்தவளைக் கண்டார். தாளை எடுத்தார்.

"வெளிறின மஞ்சள், சரி. மடங்குன காலு, சரி." அவர் மூச்சு வெயிலாள்மேல் பட்டது. அசைந்தால் நாக்கு வரும். அசையாவிட்டால் புதர் மிஞ்சும். எறும்பு ஒன்று அவள் முதுகில் ஏறி, சாவகாசமாக நடந்து, மறுபக்கம் இறங்கிப் போனது. அவள் அசையவில்லை.

அப்போதுதான் அந்த ஈ வந்தது. கொழுத்த ஈ. நேராக வந்து அவள் மூக்குக்கு நேரே உட்கார்ந்து, கையைத் தேய்த்துக்கொண்டது. வெயிலாள் எத்தனையோ நாள் பட்டினி. எட்டுக் கண்ணும் ஈமேல் நின்றன. கால்கள் தாமாகவே இறுகின. பிறந்த நாளிலிருந்து இப்படி ஓர் ஈயைப் பார்த்துவிட்டு அவள் சும்மா இருந்ததில்லை. ஈ இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தது. பிள்ளைகளை நினைத்துக்கொண்டாள். அம்மாமார்கள் எவ்வளவோ செய்திருக்கிறார்கள். ஆனால் ஒரு தாவுகிற சிலந்தி ஈயை விட்டது அந்தக் காட்டில் அதுதான் முதல் தடவை.

சடக்கென்று நயினாரின் நாக்கு நீண்டது. ஈயைக் காணோம். "வேலை நேரத்துல ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்க விட மாட்டேங்காங்க" என்று மென்றுகொண்டே தாளை முடித்தார். "அசைவில்ல. தாவல. பரம சாந்தம். இதுதாம்ய்யா கோமதிநாயகச் சிலந்தி! அப்படியே எழுதின மாதிரி!"

பன்றி உள்ளே எட்டிப் பார்த்தார். "செத்துப்போனது மாதிரில்லா இருக்கு?"

"அதான் அடையாளமே" என்றார் நயினார்.

பன்றி முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார். மயில்களுக்கு அரங்கம் வேறிடத்தில் கட்டப்பட்டது. மயில்கள் அதில் ஏறவே இல்லை. மேகம் வந்தால்தான் ஆடுவோம் என்று சொல்லிவிட்டன. சூரைப்புதருக்கு முன்னால் பலகை வைத்தார்கள்: "கோமதிநாயகச் சிலந்திகள் காப்பிடம். உள்ளே தாவுவது தண்டனைக்குரியது."

முட்டைகள் பொரிந்தன. மணல் தூவியது மாதிரி பிள்ளைகள் புதரெங்கும் பரவினார்கள். கால் முளைத்த நேரத்திலிருந்து தாவல்தான். வெயிலாள் அவர்களுக்கு வேட்டையைச் சொல்லிக்கொடுக்கவில்லை, அது தானாக வந்தது. சாவதை மட்டும் சொல்லிக்கொடுத்தாள். நயினார் மாதாமாதம் மேற்பார்வைக்கு வருவார். தூரத்தில் அவர் தலை ஆடுவது தெரிந்ததும், "படுங்கலே!" என்று ஒரு சத்தம் போடுவாள். எல்லாப் பிள்ளைகளும் புதருக்கடியில் சேர்த்து வைத்திருந்த ஆவாரை மகரந்தத்தில் ஒரு புரளு புரண்டுவிட்டு, முள்ளுக்கு முள் காலை மடக்கிக்கொண்டு விழுவார்கள். நயினார் பார்த்துவிட்டு, "வளமா இருக்காங்க" என்று எழுதிக்கொண்டு போவார்.

பையன்கள் வளர்ந்தார்கள். முகத்தில் ஆரஞ்சுப் பட்டை விழுந்தது. முன்னங்காலில் வெள்ளை முடி வந்தது. அதில் ஒருவன் காலைத் தூக்கி ஆடியபோது வெயிலாள் கிட்டே போய்ப் பார்த்தாள். அப்படியே கொம்பையா. எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து டாக்டர் தாணுமாலயன் அந்தப் பக்கம் உலாவ வந்தார். தூரத்திலேயே நின்றுவிட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"கறுப்பு உடம்பு! ஆரஞ்சு முகம்! தாவுகிறது! ஆடுகிறது!" அவர் உடம்பிலிருந்த முள்ளெல்லாம் சந்தோஷத்தில் விறைத்து நின்றது. "கோமதிநாயகச் சிலந்திக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இன்னொரு புதிய இனம்! எவ்வளவு அழகாக இருக்கிறது!" மூச்சிரைக்க ஓடி வந்தபடியே கூப்பிட்டார். "அம்மா, அந்த ஆடுகிற பையனை மட்டும் ஒரு நிமிஷம் கொடு. பாட்டில் எடுத்து வரச் சொல்கிறேன்!"

வெயிலாள் மகனைப் பார்த்தாள். பிறகு அடித்தொண்டையிலிருந்து கத்தினாள்.

"படுங்கலே! மூஞ்சிய காலுக்குள்ள மறைச்சுக்கிடுங்க!"

டாக்டர் புதரருகே வந்து சேர்ந்தபோது அங்கே ஆட்டமும் இல்லை, தாவலும் இல்லை. முள்ளுக்கு ஒன்றாக, மகரந்தம் பூசின மஞ்சள் உடம்போடு, கால் மடங்கிய சிலந்திகள் சாந்தமாகக் கிடந்தன. நடுவில் அவற்றின் அம்மாவும் கிடந்தாள். டாக்டர் பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ச்சே, பழைய இனம்தான்" என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

நீதி: நெடுநாள் உயிரோடு இருக்க விரும்புகிறவர்கள், அதிகாரிகளும் அறிஞர்களும் வருகிற நேரத்தில் செத்துக் கிடக்கப் பழகிக்கொள்ள வேண்டும். மற்ற நேரங்களில் தாவிக்கொள்ளலாம்.